திராட்சை இல்லாத தோட்டமும் சித்தியின் கையும்

கேள்வி:

நான் கண்டியில் ஆசிரியை. போன மாதம் போயா விடுமுறைக்கு எங்கள் பாடசாலை டீச்சர்மாரும் உறவினர் சிலருமாக 9 பேர் நுவரெலியாப் பக்கம் ஒருநாள் பயணம் போனோம். பேஸ்புக் விளம்பரத்தில் "திராட்சைத் தோட்டம், வைன் சுவைத்தல், கொழுந்து பறித்தல், தேயிலைத் தொழிற்சாலை, மதியச் சாப்பாடு, சிறு குழுக்களுக்கு மட்டும்" என்று இருந்தது. ஆளுக்கு 9,500 ரூபா. நான்தான் காசு சேர்த்து நடத்துநரின் வங்கிக் கணக்கில் போட்டேன். ஆள் சேர்த்துக் கொடுத்ததற்காக எனக்கு மட்டும் இருக்கை இலவசம்.

போய்ப் பார்த்தால், ஒரு ஸ்ட்ரோபரிப் பண்ணையின் ஓரத்தில் கம்பிப் பந்தலில் நாலைந்து கொடிகள். அதுதான் திராட்சைத் தோட்டமாம். ஒரு காய்கூட இல்லை. லேபல் இல்லாத போத்தலில் இருந்து எதையோ ஊற்றிக் கொடுத்து வைன் என்றார்கள். கூடையை மாட்டிவிட்டுப் படம் எடுத்தார்கள், கொழுந்து பறிப்பு அதோடு சரி. தொழிற்சாலையில் ஒரு மெஷினும் ஓடவில்லை. சாப்பாடு ஆறிப்போய் வந்தது. தொழிற்சாலைப் படியில் என் சித்தி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்ததால் நேரத்தோடேயே திரும்பிவிட்டோம். அவர் 30 வருடம் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இப்போது வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பார். அதுவும் நின்றுவிட்டது.

பாதிக் காசு தருகிறேன், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார் நடத்துநர். கூட வந்தவர்களோ முழுக் காசையும் என்னிடம் கேட்கிறார்கள். பொலிசுக்குப் போகலாமா? சித்திக்குத் தொழிலாளர் நட்டஈடு கிடைக்குமா? பேஸ்புக்கில் எழுதலாமா?

பதில்:

டீச்சர், முதலில் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

திராட்சைக்குப் பத்து வரி எழுதிவிட்டு, சித்தி விழுந்ததை நேரத்தோடு திரும்பியதற்குக் காரணமாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் பெரிய விஷயம் அந்தக் கைதான். 8 பேரின் கட்டணம் மொத்தம் 76,000 ரூபா. கை முறிவுக்கான நட்டஈடு அதைவிட எவ்வளவோ கூடுதலாக வரலாம். நடத்துநர் நீட்டும் கடிதத்தில் "இப்பயணம் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்படியான கடிதங்களில் அந்த வரி இல்லாமல் நான் பார்த்தது குறைவு. பாதிக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு முழுப் பொறுப்பிலிருந்தும் கழன்றுகொள்ளும் வழி அது.

இன்னொன்று, கை முறிவுக்கான உரிமை சித்தியுடையது. அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் குழுவின் சார்பில் என்று நீங்களும், கேட்டார்களே என்று சித்தியும் கையெழுத்து வைத்துவிட்டால், பிறகு அதை உடைப்பதற்கே தனியாக வாதாட வேண்டிவரும். ஆகவே கட்டணம் ஒரு கோப்பு, கை இன்னொரு கோப்பு என்று இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

கையில் இருந்து தொடங்குகிறேன். தொழிலாளர் நட்டஈடு கிடைக்காது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது காயப்படும் தொழிலாளிக்கு உரியது. சித்தி எத்தனை வருடம் கூடை சுமந்திருந்தாலும், அன்றைக்கு அவர் அங்கே போனது காசு கொடுத்த விருந்தாளியாக. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நம் நாட்டில் கவனயீனத்தால் வரும் காயத்துக்கு உரோமன் டச்சுச் சட்டப்படி நட்டஈடு கேட்கலாம். மருந்துச் செலவு, போக்குவரத்து, இழந்த வருமானம் ஆகியவற்றோடு பட்ட வலிக்கும் வேதனைக்கும் தனியாகக் கேட்க இடமிருக்கிறது.

நிரூபிக்க வேண்டியது கவனயீனத்தை. படி ஈரமாக இருந்ததா, கைபிடி இருந்ததா, வெளிச்சம் போதுமா, எச்சரிக்கைப் பலகை ஏதும் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தொழிற்சாலைப் படிக்கட்டுகளுக்குக் கைபிடி வேண்டும் என்கிறது. அது தொழிலாளர்களை மனதில் வைத்து எழுதப்பட்டதுதான். ஆனாலும் வேலையாட்களுக்கே கட்டாயமான ஒன்றை, காசு வாங்கிக்கொண்டு உள்ளே விட்ட விருந்தாளிக்கு ஏன் செய்யவில்லை என்று கேட்டால் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்வது கஷ்டம். ஒன்பது பேரும் போன் வைத்திருந்திருப்பீர்கள். யாருடைய செல்ஃபிக்குப் பின்னால் அந்தப் படி விழுந்திருக்கிறது என்று தேடுங்கள். படங்களை மூலக் கோப்பாகவே வாங்கி வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரமும் அதிலிருந்து தெரியாமல் போய்விடும்.

வைத்தியசாலையில் கொடுத்த டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, மருந்துச் சிட்டை எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். எப்படி விழுந்தார் என்று டாக்டர் அந்தக் கார்டில் என்ன எழுதியிருக்கிறார் என்று படித்துப் பாருங்கள். "வீட்டில் விழுந்தார்" என்று தவறாக எழுதப்பட்டிருந்தால், திருத்தித் தரும்படி அங்கேயே இப்போதே கேட்பது நல்லது. இடியப்ப வருமானத்துக்கு சம்பளச் சீட்டு இருக்காது. அதற்குப் பயப்பட வேண்டாம். கடைக்காரர்கள் கணக்கு எழுதும் கொப்பியின் பக்கங்களைப் படம் எடுங்கள். இரண்டு கடைக்காரர்கள் வந்து, தினமும் இவ்வளவு வாங்கினோம் என்று சொன்னால் அதுவே நல்ல சாட்சி.

யார்மேல் கேட்பது? நடத்துநர், தொழிற்சாலை இரண்டு பேர்மேலும். இங்கே பலர் சறுக்குவது பெயரில். பலகையில் இருப்பது தோட்டத்தின் பெயர், சட்டப்படி ஆள் அது அல்ல. 1992க்குப் பிறகு பெருந்தோட்டங்களில் பலவற்றைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. வேறு சில தொழிற்சாலைகள் தனியாருடையவை. வாங்கிய தேயிலைப் பொட்டலத்திலோ நுழைவுச் சீட்டிலோ கம்பனிப் பெயர் இருக்கும், பாருங்கள். நடத்துநரின் தொழிற்பெயர் பதிவைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

"விபத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாரே என்று யாராவது உங்களைப் பயமுறுத்துவார்கள். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இதற்காகவே இருக்கிறது. வியாபாரம் செய்பவர் தன் கவனயீனத்தால் ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ வரும் பொறுப்பை, இப்படி ஒரு வாசகத்தைப் போட்டுத் தட்டிக்கழிக்க முடியாது. அவர்கள் சொல்லக்கூடியது வேறு. சித்தி போட்டிருந்த செருப்பு வழுக்கும் செருப்பு, பார்த்து இறங்கவில்லை என்பார்கள். அதில் உண்மை இருந்தாலும் வழக்கு விழாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய பங்குக்கு ஏற்றாற்போல் தொகை குறையும், அவ்வளவுதான். ஆகவே செருப்பைப் பற்றி உங்கள் சட்டத்தரணியிடம் ஒளிக்க வேண்டாம்.

காலாவதிக் கட்டளைச் சட்டப்படி இந்த வழக்கைப் போட, விழுந்த நாளிலிருந்து 2 வருடம் இருக்கிறது. அதற்காக அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அவர்கள் ஒரு வாரத்தில் படியைத் திருத்திவிடலாம். சித்தியின் வருமானம் குறைவு என்பதால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நீதிமன்றங்களை ஒட்டி அதன் அலுவலகங்கள் இருக்கின்றன. அவர்கள் மூலமாகக் கோரிக்கைக் கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்புவதுதான் முதல் வேலை.

சரி, இனிக் கட்டணம். இங்கே அவசரம் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, சேவை கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. அந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக நம்பவைக்கும் நடத்தையைத் தடுக்கிறது. விசாரித்துவிட்டு நட்டஈடு கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகார சபை கட்டளையிடலாம். 1977 என்ற இலக்கத்தில் வழி கேட்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில்தான் போக வேண்டும். விளம்பரத்தை அழிப்பதற்கு முன் தேதியோடு ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் இந்தச் செய்திகளைச் சாட்சியமாக வைக்கலாம். போனை மாற்றிவிடாதீர்கள்.

திராட்சையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் திராட்சை என்றால் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணும் வெயிலும். 1,868 மீற்றர் உயரத்தில், மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் நுவரெலியாவில் தோட்டம் தோட்டமாகக் காய்க்கும் என்று நீங்களும் நம்பியிருக்கக் கூடாதுதான். ஆனால் நீங்கள் ஏமாளியா என்பது சட்டத்தின் கேள்வி அல்ல. விளம்பரம் ஏமாற்றக்கூடியதா என்பதே கேள்வி. தொழிற்சாலை ஓடாததும் அப்படியே. விடுமுறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைக்க ஒன்றும் இராது. நாளைக் குறித்து விளம்பரம் போட்டவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆறிய சாப்பாட்டை முறைப்பாட்டில் ஒரு வரியோடு விடுங்கள்.

வைன் விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கும்போது யோசியுங்கள். போயா நாளில் மதுபானக் கடைகளுக்கே பூட்டு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். செய்தது அவர்களுடைய குற்றம், ஆனால் "போயா அன்று எங்களுக்கு நல்ல வைன் தரவில்லை" என்று நட்டஈடு கேட்டால் எந்த அதிகாரியும் உங்களைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார். நடந்ததைச் சொல்லுங்கள், அதற்குக் காசு கேட்காதீர்கள்.

கட்டண விஷயம் நுகர்வோர் அதிகார சபையில் தீராவிட்டால் மத்தியஸ்த சபை. சட்டம் குறித்த எல்லைக்குக் குறைந்த பணப் பிணக்குகளை அங்கே கொண்டுபோகாமல் நேரே வழக்குப் போட முடியாது. இணக்கம் வராவிட்டால் தரும் சான்றிதழ் வேண்டும். அங்கே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது, நீங்களே பேச வேண்டும். இணக்கம் வந்தால் எழுதும் தாளில் "பயணக் கட்டணம் தொடர்பாக மட்டும்" என்ற சொற்கள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

உங்களிடம் காசு கேட்கும் சக டீச்சர்மார் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. முகவர் (இன்னொருவருக்காகச் செயல்படுபவர்), முதல்வர் (யாருக்காகச் செயல்படுகிறாரோ அவர்) தொடர்பான விஷயங்களில் 1852ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தைத்தான் பின்பற்றச் சொல்கிறது. அதன்படி, யாருக்காகச் செய்கிறோம் என்று சொல்லி வெறுமனே காசு சேர்த்துக் கட்டியவர் ஒப்பந்தத்துக்குப் பொறுப்பாளி ஆவதில்லை. எல்லோருக்கும் நடத்துநரின் விளம்பரத்தை அனுப்பி, அவருடைய கணக்கில் போட்ட சிட்டையையும் காட்டியிருந்தால் நீங்கள் தப்பிவிடுவீர்கள். ஆனால் அந்த இலவச இருக்கை? அது அவர்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால், அவர்களுக்காகச் செயல்பட்டுக்கொண்டே மறைவாக ஒரு லாபம் எடுத்ததாக ஆகும். அதைக் கணக்குக் காட்டிக் கொடுக்க வேண்டிய கடமை முகவருக்கு உண்டு. இன்றைக்கே குழுவில் எழுதிவிடுங்கள். 9,500 ரூபாவை எட்டுப் பேருக்கும் பிரித்துக் கொடுக்க நீங்களாகவே முன்வந்தால், அந்த எட்டுப் பேரும் உங்கள் சாட்சிகளாக வருவார்கள். சித்திக்கு அவர்கள் தேவை.

பொலிஸ்? தண்டனைச் சட்டக் கோவையின் 398, 400ஆம் பிரிவுகளில் மோசடி இருக்கிறது. ஆனால் காசு வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். உங்களை வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், ஏதோ காட்டி, சாப்பாடும் போட்டவர்மேல் அதை நிறுவுவது கடினம். பெரும்பாலும் மத்தியஸ்த சபைக்குத்தான் அனுப்புவார்கள். விழுந்த சம்பவத்தை மட்டும் அந்த இடத்துப் பொலிசில் பதிந்து முறைப்பாட்டுப் பிரதியை வாங்குங்கள், பிந்தினாலும் பரவாயில்லை. நடத்துநருக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1912 இலக்கத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயும் ஒரு முறைப்பாடு.

பேஸ்புக்கில் எழுதலாம். என்ன விளம்பரம் பார்த்தீர்கள், எவ்வளவு கட்டினீர்கள், என்ன கிடைத்தது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கள்ளன், மோசடிக்காரன் என்ற சொற்கள் வேண்டாம். அவர் குடியியல் வழக்காக அவதூறு என்று திரும்பலாம், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் காட்டுவார். அவருடைய பிள்ளைகளின் படம், வீட்டு விலாசம் எதையும் போடாதீர்கள். படிக்கட்டுப் படங்கள் இருந்தால் அவற்றையும் இப்போதைக்குப் போட வேண்டாம். கோரிக்கைக் கடிதம் போய்ச் சேரட்டும்.