நெளிந்துபோன சயனோடைப் படங்களைச் சமன் செய்வது எப்படி?

கேள்வி: வாட்டர்கலர் தாளில் நானே ஒளியுணர் மருந்து பூசிச் சயனோடைப் படங்கள் (ஒளியால் பதியும் நீல நிறப் படங்கள்) அச்சிடுகிறேன். கழுவிக் கொடியில் உலர்த்தியதும் ஓரங்கள் சுருண்டு, நடுப்பகுதி அலையலையாக நெளிந்துவிடுகிறது. கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு வாரம் வைத்தும் பயனில்லை. இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கலாமா?

பதில்: தேய்க்க வேண்டாம். நீராவிப் பெட்டியிலிருந்து சொட்டும் நீர் கறையாகும். உலர்ந்த சூடோ ஓரிடத்தை முந்திக் காயவைத்துப் புதிய நெளிவுகளை உண்டாக்கும்.

1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த இந்த முறையில், ஒளியால் மாறாமல் எஞ்சிய மருந்தை நீரில் கழுவி நீக்கினால்தான் படம் நிலைக்கும் என்பதால், தாள் நன்றாக நனைவதைத் தவிர்க்க இயலாது. நனைந்த இழைகள் பருத்துத் தாள் விரிகிறது. பிறகு ஓரங்கள் முதலில் காய்ந்து இறுகிவிடுவதால், பின்னால் காயும் நடுப்பகுதி அவற்றுடன் ஒத்துச் சுருங்க முடியாமல் புடைத்துக்கொள்கிறது. காய்ந்து இறுகிய இழை வெறும் பளுவுக்கு இணங்காது; அதனால்தான் உங்கள் புத்தகங்கள் உதவவில்லை.

ஆகவே தாளை மீண்டும் ஈரமாக்க வேண்டும். படத்தின் பின்புறத்தில் மட்டும் தூய நீரை மெல்லிய தூவலாகத் தெளித்து, பிளாஸ்டிக் உறைக்குள் அரைமணி நேரம் வைத்தால், ஈரம் எங்கும் ஒரே சீராகப் பரவித் தாள் துவளும். நீர்த்துளிகள் தேங்கி நிற்கக் கூடாது. பிறகு மேலும் கீழும் ஒற்றுத்தாள் வைத்து, இரு பலகைகளுக்கு இடையில் பளு ஏற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒற்றுத்தாள்களை மாற்றுங்கள், அன்றே இன்னும் இருமுறை மாற்றுங்கள், பிறகு இரண்டு நாள் பொறுத்திருங்கள். படத்தைக் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கும்போது குளிர்ச்சி தெரிந்தால் ஈரம் இன்னும் போகவில்லை என்று பொருள். பெரும்பாலோர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஒற்றுத்தாள் வாங்கும்போது, சுண்ணாம்புச் சத்து சேர்த்த காரத்தன்மையுள்ள வகையைத் தவிருங்கள்; சயனோடைப்பின் நீலம் காரத்தில் வெளிறிவிடும். ஜெலட்டின் பூச்சுள்ள படமாக இருந்தால், ஈரம் பட்ட முகப்பு ஒற்றுத்தாளில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அந்தப் பக்கம் சிலிக்கோன் பூசிய தாளை வைக்க வேண்டும். சொரசொரப்பான தாளுக்குப் பளுவைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பின் அழகு நசுங்கிவிடக் கூடாது.

இனி அச்சிடும் படங்களைக் கொடியில் தொங்கவிடாமல், வலைச் சட்டத்தின் மேல் முகம் மேலாகக் கிடத்தி, சற்று ஈரம் எஞ்சியிருக்கும்போதே பளுவுக்கு அடியில் வையுங்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் மெல்லிய தாளைவிடக் குறைவாகவே நெளியும்.

மடிந்து இழை முறிந்த கோடு இம்முறையில் தணியுமே தவிர மறையாது. முட்டை வெண்கரு பூசிய பழங்காலப் படங்களிடம் இதைச் செய்து பார்க்காதீர்கள். அந்தப் பூச்சு வெடித்துவிடும் அபாயம் உண்டு. அவற்றைப் படப் பாதுகாப்பு வல்லுநரிடம் ஒப்படையுங்கள்.