சுரங்க மெட்ரோ நிலையம்: கேள்வி பதில்

சென்னையின் சுரங்க மெட்ரோ நிலையங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு நிலைய வடிவமைப்புப் பொறியாளர் ஒருவரின் பதில்கள்.

நடைமேடை ஓரத்தில் ஆளுயரத்துக்கும் மேல் கண்ணாடித் தடுப்பு எதற்கு?
யாரும் தண்டவாளத்தில் விழக் கூடாது என்பது முதல் காரணம். சுரங்கத்தில் ஓடும் ரயில் தனக்கு முன்னால் இருக்கும் சூடான காற்றைத் தள்ளிக்கொண்டே வருகிறது. தடுப்பு இல்லாவிட்டால் அந்த வெக்கை நடைமேடையில் பாயும், குளிரூட்டிய காற்று சுரங்கத்துக்குள் போய்விடும். தடுப்பில் உள்ள கண்ணாடிக் கதவு மூடும்போது கையையோ பையையோ நீட்டாதீர்கள்.

நடைமேடை நடுவிலும் தண்டவாளங்கள் இருபுறமும் இருப்பது ஏன்?
இயந்திரம் குடையும் இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே போதிய மண் விட்டாக வேண்டும். நிலையத்தில் அந்த இடைவெளிதான் நடைமேடை. இரு திசைப் பயணிகளுக்கும் ஒரே எஸ்கலேட்டர் போதும்.

கண்ணாடிக் கதவு எதற்கு?
முதல் பதிலைப் படியுங்கள்.

கட்டணம் குறையுமா?
அது என் துறை அல்ல.

கீழே போகிறவரை முதலில் படியேற வைக்கிறீர்களே? என் அம்மாவுக்கு மூட்டுவலி.
சாலையில் தேங்கும் மழைநீர் உள்ளே இறங்காமல் இருக்கத்தான் வாசலை உயர்த்துகிறோம். நியூயார்க்கில் 2009இல் திறந்த சவுத் ஃபெரி நிலையம் 2012 சாண்டி புயலில் கடல்நீரில் மூழ்கியது. அதைச் சீரமைத்துத் திறக்க 2017 ஆகிவிட்டது.

மழை சில நாள்தான். மூட்டுவலி தினமும் அல்லவா?
உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் வாசலின் உயரத்தைக் குறைக்கச் சம்மதிக்க மாட்டேன். படி மட்டும் உள்ள வாசலையும் ஏற்க மாட்டேன். லிஃப்ட் வாசலும் அதே உயரத்தில்தான் இருக்கும். ஆகவே அந்த உயரம் வரை சாய்தளம் வேண்டும்; ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி நீளம், இருபுறமும் கைப்பிடி. இடமில்லை என்று இதைச் சுருக்குவதுதான் தவறு.

வெள்ளம் வரும்போது வாசலில் தடுப்புப் பலகை வைத்தால் போதாதா?
பலகையைப் பொருத்த ஆள் வந்தாக வேண்டும். நள்ளிரவில் கொட்டும் மழை அதுவரை காத்திருக்காது. பலகையும் வேண்டும், உயர்ந்த வாசலும் வேண்டும்.

கண்ணாடித் தடுப்பால் என்ன பயன்?
மூன்றாம் முறை கேட்கிறீர்கள், மேலே இருக்கிறது. மூடும் கதவில் பையை நீட்டாதீர்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சுரங்கத்தில் புகை சூழ்ந்தால் எந்தப் பக்கம் ஓடுவது?
ஓடாதீர்கள், ஊழியர் காட்டும் வழியில் நடங்கள். பெரிய மின்விசிறிகள் புகையை ஒரு பக்கமாகத் தள்ளி, மறுபக்கத்திலிருந்து நல்ல காற்றைக் கொண்டுவரும். அந்தக் காற்று முகத்தில் படும் திசையில்தான் உங்களை அழைத்துச் செல்வார்கள். லிஃப்ட் பக்கம் போகாதீர்கள்.