டெல்டா கிராமத்தில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ நினைக்கிறோம், எதில் தொடங்கலாம்?

பத்து நண்பர்கள் சேர்ந்து மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போடுகிறோம், ஜூனில் பள்ளி திறக்கும்போது பையும் நோட்டும் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல மனசு. ஆனால் பையும் நோட்டும் வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு எல்லாம் அரசாங்கமே கொடுக்கிறது.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நிவாரண லாரிகளில் இருந்து அரிசியும் தார்ப்பாயும் இறக்கி, லாரி போகாத உள் தெருக்களுக்குச் சுமந்து போகத்தான் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். பொங்கலோடு லாரி வருவது நின்றது, கஷ்டம் நிற்கவில்லை.

அந்தக் கோடையில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைக் காணோம். "மாமா வீட்டுக்குப் போயிருக்கான்" என்றார் அம்மா, முகத்தைப் பார்க்காமல். பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் மெதுவாகச் சொன்னார், பன்னிரண்டாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டு அவனை ஆடு மேய்க்க ஆட்டுக்கிடையில் விட்டிருக்கிறார்கள் என்று. குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட வேறு வழி தெரியவில்லை அந்த அம்மாவுக்கு. நாங்களே பணம் திரட்டிக் கிடைக்காரரிடம் கொடுத்து அவனைக் கூட்டி வந்தோம். அது பெரிய தப்பு. அடுத்த வருஷம் அதே தெருவில் இன்னொரு பையன் போனான், முன்பணம் கூடியிருந்தது, கேட்டால் கொடுக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே.

இரண்டாவது பையனுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தோம், கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்த முன்பணம் கடனே இல்லை, அதைத் திருப்பி வாங்குவதுதான் குற்றம். இது தெரியாமல்தான் எங்கள் ஊரில் எத்தனையோ தாய்மார் பயந்துகொண்டு இருக்கிறார்கள். அவன் வந்து சேர மூன்று மாதம் ஆனது, ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கிடைக்காரர் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை.

ஆகவே என் பதில் இதுதான்: பிள்ளைக்கு முன்னால் வீட்டைப் பாருங்கள், அதுவும் எந்த மாதத்தில் அடுப்பு எரியவில்லை என்று பாருங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை, அப்புறம் உளுந்து, பயறு பறிப்பு. சித்திரை பிறந்தால் வேலை இல்லை. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வரப் பல நாள் ஆகும், வந்தாலும் நடவுக்கும் அறுப்புக்கும் இப்போது மெஷின். நூறு நாள் வேலைச் சம்பளமும் தள்ளித்தான் வரும். பள்ளி திறப்பதும் சரியாக இந்தப் பஞ்ச மாதத்தில்தான். நாங்கள் சித்திரையிலேயே வீடு வீடாகப் போய், தேவைப்படுகிறவர்களுக்கு அரிசியும் வட்டியில்லாமல் மூவாயிரம், நாலாயிரமும் கொடுக்கிறோம், அறுப்பு முடிந்து திருப்பித் தருகிறார்கள். தர முடியாதவர்களை நெருக்குவதில்லை.

இன்னொன்று சாப்பாடு. 2023 ஆகஸ்டில் பக்கத்துத் திருக்குவளையில்தான் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிவுபடுத்தினார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கண்ணால் பார்க்கிறோம். ஆனால் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாவது போகிற பிள்ளைக்குக் காலையில் நீராகாரம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் முதலில் சுண்டல், பிறகுதான் பாடம். ஐப்பசி மழையில் குடிசை ஒழுகும், விளக்கும் இருக்காது, அப்போது வகுப்பைப் பள்ளித் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்கிறோம்.

ஜாதிச் சான்றிதழுக்கும் வங்கிக் கணக்குக்கும் கூட அலைய ஒரு ஆள் வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு, காகிதம் சரியில்லாமல் அது நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

கொடுக்கும்போது பிள்ளைகளை நிறுத்தி போட்டோ எடுக்காதீர்கள், தயவு செய்து. பையனை மறுநாள் வகுப்பில் மற்றவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்காது.