உதகையின் பின்கோடு பகா எண்ணா?

கேள்வி: எங்கள் ஊர் உதகமண்டலத்தின் தலைமை அஞ்சலகப் பின்கோடு 643001. இதை 2, 3, 5, 7, 11, 13 ஆகிய எண்களால் வகுத்துப் பார்த்தேன்; ஒவ்வொரு முறையும் மீதி வந்தது. எனவே இதைப் பகா எண் என்று கொள்ளலாமா? கணினியின் உதவியின்றி உறுதி செய்ய வழி உண்டா?
– வாசகி, உதகை

பதில்: நீங்கள் செய்த வகுத்தல்கள் அனைத்தும் சரியானவை, ஆனால் 13 என்பது நிறுத்துவதற்கு உரிய இடமன்று. ஓர் எண்ணை இரண்டு எண்களின் பெருக்கமாக எழுத முடியுமானால், அவ்விரண்டில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாமல் இருந்தே தீரும். 802இன் வர்க்கம் 643204. ஆகவே இரு காரணிகளும் 802 அல்லது அதற்கு மேற்பட்டவையாக இருந்தால் பெருக்கற்பலன் 643001ஐக் கடந்துவிடும். இதனால் 801 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். அவை மொத்தம் 139. பொறுமை இருந்தால் காகிதமும் பேனாவுமே போதுமானவை.

7, 11, 13 ஆகிய மூன்றுக்கும் ஒரே சோதனையில் விடை காணலாம். அவற்றின் பெருக்கற்பலன் 1001 என்பதால், எண்ணின் முதல் மூன்று இலக்கங்களாலான 643இலிருந்து கடைசி மூன்று இலக்கங்களாலான 001ஐக் கழித்து வரும் 642ஐச் சோதித்தால் போதும்; அதை 7 வகுத்தால் 5, 11 வகுத்தால் 4, 13 வகுத்தால் 5 மீதியாகும். 3க்கு இன்னும் எளிது: உதகையின் இலக்கக் கூட்டல் 14 என்பதால் வகுபடாது, குன்னூரின் 643101க்கு அது 15 என்பதால் வகுபடும்.

13க்குப் பிறகும் தொடர்ந்திருந்தால், பதினெட்டாவது பகா எண்ணான 61இல் மீதியின்றி 10541 கிடைத்திருக்கும். அது 83ஐ 127ஆல் பெருக்கியது. ஆக, 643001 = 61 × 83 × 127. மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கம் என்பதால் இதற்கு எட்டு வகுத்திகள் உண்டு. அவற்றின் கூட்டுத்தொகை 62 × 84 × 128, அதாவது 666624. மூன்று காரணிகளும் நடுத்தர அளவில் அமைந்திருப்பதே இந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் பகா எண் போலத் தோன்றச் செய்கிறது.

காரணியைத் தேடாமலே சோதிக்கும் வழியொன்றும் உண்டு. ஒற்றைப்படைப் பகா எண் எதை எடுத்துக்கொண்டாலும், அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2ஐ உயர்த்தி அப்பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும் என்பது 1640இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா கூறிய தேற்றத்திலிருந்து கிடைக்கிறது. 643001 இதில் தோற்கிறது என்பதை 127ஐக் கொண்டே காட்டலாம்; 643001ஆல் வகுத்து மீதி 1 வருமானால், அதன் காரணியான 127ஆல் வகுத்தாலும் மீதி 1 வந்தாக வேண்டும்: 2இன் ஏழாம் அடுக்கான 128ஐ 127 வகுத்தால் மீதி 1, 643000ஐ 7 வகுத்தாலும் மீதி 1, எனவே 2இன் 643000ஆம் அடுக்கை 127 வகுத்தால் மீதி 2 ஆகும், 1 ஆகாது. ஆனால் இச்சோதனையில் தேறும் எண்ணெல்லாம் பகா எண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 341 இதில் தேறிவிடும், ஆயினும் அது 11ஐ 31ஆல் பெருக்கி வருவதே.