பூமி இவ்வளவு வேகமாகச் சுற்றியும் கடல் நீர் ஏன் தெறிப்பதில்லை?

கோயம்புத்தூர் மணிக்கு ஏறத்தாழ 1,640 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடுகிறது என்பது உண்மைதான். ஆனால் தெறிப்பதற்கு வேகம் மட்டும் போதாது; எவ்வளவு நேரத்தில் ஒரு சுற்று முடிகிறது என்று பார்க்க வேண்டும். பூமிக்கு ஒரு நாள் ஆகிறது. அதனால் நிலநடுக்கோட்டில்கூட வெளியே தள்ளும் முடுக்கம் 0.034 மீ/வி² தான்; ஈர்ப்போ 9.8. ஒரு நாள் என்பது 84 நிமிடமாகச் சுருங்கினால்தான் அங்கே தண்ணீர் எடையிழந்து மிதக்கும்.

அதற்காகச் சுழற்சி சும்மா இருப்பதில்லை. பூமியின் நடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357. இந்த 21 கி.மீ. வீக்கம் பாறைக்கும் சேர்த்துத்தான். கடல் மட்டும் வீங்கி நிலம் சரியான உருண்டையாக இருந்திருந்தால் கொங்கு நாடு கடலுக்கடியில் கிடந்திருக்கும்!

கடல் மட்டமும் எங்கும் ஒன்றல்ல. இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு சற்றுக் குறைவு. அங்கே நீர்ப்பரப்பு, நடுக்கோட்டு வீக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட சீரான வடிவத்தைவிட 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. கப்பலில் போனால் சரிவு தெரியாது, ஈர்ப்பின்படி அதுவே மட்டம்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே நம்மூருக்கு வரும் காற்று, நடுக்கோட்டுக்குத் தெற்கே கிளம்பி அதைத் தாண்டியதும் கொரியாலிஸ் விளைவால், அதாவது பூமி சுழல்வதால் ஏற்படும் திசை விலகலால், வலப்பக்கம் திரும்பியது. அதே பருவக்காற்று சோமாலியாக் கரையோர நீரை வெளியே தள்ள, அடியிலிருந்து குளிர்நீர் மேலே வருகிறது. தோட்டத்துத் தொட்டியில் தண்ணீர் திறந்தால் விழும் சுழிக்கும் கொரியாலிஸ் விளைவுக்கும் சம்பந்தமில்லை. அதைத் தொட்டியின் வடிவமும் நீர் நுழைந்த திசையும்தான் முடிவு செய்கின்றன.