பேட்டில்ஷிப் ஏன் மறைந்தது? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: சார், முதல் உலகப் போரில் சென்னையில் குண்டு போட்ட எம்டனும் பேட்டில்ஷிப்தானே?

பதில்: இல்லைங்க. எம்டன் சிறிய குரூசர் வகை, அதாவது கவசம் குறைந்த வேகமான போர்க்கப்பல், 10.5 செ.மீ. பீரங்கிகள் கொண்டது. கனத்த எஃகுக் கவசமும் மிகப் பெரிய பீரங்கிகளும் சேர்ந்ததுதான் பேட்டில்ஷிப். 1906-ல் பிரிட்டன் கட்டிய டிரெட்நாட்டில் 12 அங்குலப் பீரங்கிகள் பத்து இருந்தன.

கேள்வி (மலேசியாவிலிருந்து): ஐயா, குவாந்தான் கடலில் இரண்டு வெள்ளைக்காரக் கப்பல்கள் மூழ்கியதைத் தாத்தா அடிக்கடி சொல்வார். அது அவ்வளவு பெரிய சம்பவமா?

பதில்: என்னைக் கேட்டால், பேட்டில்ஷிப்பின் காலம் முடிந்த நாளே அதுதான். 1941 டிசம்பர் 10. பிரிட்டனின் பேட்டில்ஷிப் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அப்போது புத்தம் புதுக் கப்பல். கூட வந்த ரிபல்ஸ் பழையது, கவசம் குறைந்த பேட்டில்குரூசர். மேலே காவலுக்கு ஒரு போர் விமானம்கூட இல்லை.

அதற்கு முன்பும் விமானங்கள் பேட்டில்ஷிப்களைத் தாக்கியிருக்கின்றன. 1940-ல் இத்தாலியின் டாரன்டோவில் பிரிட்டிஷாரும், குவாந்தானுக்கு மூன்றே நாள் முன்பு அமெரிக்காவின் பேர்ல் ஹார்பரில் ஜப்பானியரும் அடித்தார்கள். ஆனால் அவை துறைமுகத்தில் நின்ற கப்பல்கள். "ஓடுகிற கப்பலை, திருப்பிச் சுடுகிற கப்பலை விமானத்தால் மூழ்கடிக்க முடியாது" என்று நம்ப அதுவரை இடமிருந்தது.

சைகோன் பக்கத்து விமானத் தளங்களிலிருந்து வந்த ஜப்பானிய விமானங்கள் அந்த நம்பிக்கையை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டன. நீருக்கடியில் பாய்ந்து வரும் ஒரு டார்பிடோ குண்டு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் பின்பக்கம், கப்பலை ஓட்டும் இடதுபுறச் சுழலியின் தண்டு அருகே வெடித்தது. வளைந்த தண்டு சுழன்றுகொண்டே இருந்ததால் கப்பலை உள்ளே கிழித்துவிட்டது. தண்ணீர் புகுந்தது, மின்சாரம் போனது, விமான எதிர்ப்புப் பீரங்கிகள் பலவும் முடங்கின. இரண்டு கப்பலிலும் சேர்த்து 840 பேர் இறந்தார்கள். உங்கள் தாத்தா சொன்னதை எழுதி வையுங்கள், தயவுசெய்து.

கேள்வி: கவசத்தை இன்னும் தடிமனாக்கியிருந்தால் தப்பியிருக்காதா அண்ணா?

பதில்: ஜப்பான் அதைத்தான் செய்து பார்த்தது. அதன் யமாட்டோ என்ற பேட்டில்ஷிப்பின் பக்கக் கவசம் 41 செ.மீ. தடிமன். அதன் 46 செ.மீ. பீரங்கி சுமார் 42 கிலோமீட்டர் சுடும். எதிரியின் விமானந்தாங்கிக் கப்பல்களோ அதற்குப் பல மடங்கு தூரத்தில் நின்றுகொண்டே அடித்தன. 1945 ஏப்ரல் 7 அன்று அலையலையாக வந்த அமெரிக்க விமானங்கள் பெரும்பாலும் இடதுபுறமே டார்பிடோ போட்டுக் கப்பலைச் சாய்த்துவிட்டன. சுமார் 3,000 பேர் போனார்கள். திரும்பி வர வாய்ப்பில்லை என்று தெரிந்தே அனுப்பப்பட்டவர்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது. கவசம் எவ்வளவு தடித்தாலும் பீரங்கியின் கை நீளாது. தோற்றது அங்கேதான்.

கேள்வி: அப்புறம் 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க பேட்டில்ஷிப் மிசூரி சுட்டதே?

பதில்: சுட்டது, கரையிலிருந்த இலக்குகளை. டோமஹாக் ஏவுகணையும் விட்டது. ஆனால் அந்த ஏவுகணையை டெஸ்ட்ராயர் என்ற சிறிய போர்க்கப்பலே ஏவும், அதை ஓட்ட முந்நூறு பேர் போதும். மிசூரிக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் வேண்டும். 1992-ல் பணியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: ஒன்றையாவது நேரில் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். மிசூரி இப்போது பேர்ல் ஹார்பரில் அருங்காட்சியகம். 1945 செப்டம்பர் 2 அன்று ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்ட மேல்தளத்திலேயே நிற்கலாம். பக்கத்திலேயே, விமானக் குண்டு பட்டு 1,177 பேருடன் மூழ்கிய அரிசோனா பேட்டில்ஷிப் நீருக்கடியில் கிடக்கிறது. அங்கே போனால் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள்.