நாணலுக்குள் பாடும் கதிர்க்குருவியைக் காண்பது எப்படி?

கேள்வி: நெல்லிக்குப்பத்திலிருந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் புதுச்சேரியை அடுத்த ஊசுடேரிக்குச் சென்றும், நாணலுக்குள்ளிருந்து உரக்கப் பாடும் கதிர்க்குருவி கண்ணில் படவில்லை. கைபேசியில் அதன் பாட்டை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்கலாமா?

பதில்: அதை மட்டும் செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு குருவி புகுந்துவிட்டதென்று நம்பி, அது இரை தேடுவதை விட்டுவிட்டுக் குரல் வந்த திசைக்குப் பாய்ந்து வரும். மறைவை விட்டு வெளிப்பட்ட நொடியில் வல்லூறின் பார்வையிலும் விழும். மேலும், ஊசுடேரி சரணாலயம். அங்கே உயிரினங்களைத் தொந்தரவு செய்வதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

கேட்ட குரல் யாருடையது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நம் பகுதியில் குளிர்காலத்தில் அதிகம் காணப்படும் பிளைத் நாணல் கதிர்க்குருவி, பெயரில் நாணல் இருந்தாலும், புதர்களிலும் வேலியோர மரங்களிலும்தான் திரியும். நாக்கைச் சொடுக்கியது போன்ற 'சக், சக்' ஒலியே அதன் அன்றாடப் பேச்சு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், ஏறக்குறைய கொண்டைக்குருவியின் நீளமுள்ள பெரிய நாணல் கதிர்க்குருவியாகவே இருக்க வேண்டும். கரகரப்பும் இனிமையும் கலந்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அழுத்திச் சொல்வது போலப் பாடும். நீண்ட அலகும் கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக்கோடும் அதன் அடையாளங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஜனவரி முதல் மார்ச் வரை செல்லுங்கள். விடியும்போதே அங்கிருப்பது முக்கியம். வெயில் ஏறிக் காற்று கிளம்பிவிட்டால் எல்லா நாணல் தாள்களும் அசையும், குருவி அசைக்கும் தாள் எதுவென்று பிரித்தறிய முடியாது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, நாணலும் தண்ணீரும் சந்திக்கும் ஓரத்தைப் பார்த்து ஓரிடத்தில் முக்கால் மணி நேரமாவது நில்லுங்கள். குரலைத் துரத்தி நடப்பவர்களுக்கு அது அகப்படுவதே இல்லை. காற்றில்லாத வேளையில் ஒற்றைத் தாள் மட்டும் வளைந்து நிமிரும், பிறகு அடுத்தது. அந்த வரிசையின் முன்னால் இருநோக்கியை (பைனாகுலர்) நிறுத்திக் காத்திருந்தால், தாளைச் செங்குத்தாகப் பற்றியபடி மேலேறி, தொண்டை புடைக்க, உச்சி மயிர் சிலிர்க்கப் பாடுவதைக் காண்பீர்கள்.

இருநோக்கி வாங்குவதானால் 8×42 அளவே (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) போதும். பத்து மடங்கு பெருக்கும் கருவியில் பார்வைப் பரப்பு குறுகும், கைநடுக்கமும் கூடித் தெரியும். படம் கிடைக்காவிட்டால் கைபேசியில் குரலைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். இவ்வினத்தை உறுதிசெய்ய மங்கலான படத்தைவிட அரை நிமிடத் தெளிவான ஒலிப்பதிவு பெரிதும் உதவும்.